குதிரையில் வந்த சொல், லாரியில் வந்த சொல்

"என் நாக்குல ஒரே ஒரு பிலகானாச் சொல்லு உக்காந்ததைக் கேட்டேன்னு யாராவது வந்து சொல்லட்டும் மச்சான், இந்த வெள்ளிப் பட்டையைக் கழட்டி உன் ஒத்தக்காது நாய் இடுப்புல கட்டிடறேன்."

சனிக்கிழமைச் சந்தையில், ஆட்டுக்கறி சுடும் கூடாரத்துக்கு முன்னால், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி வில்பர்ட் எட்சிட்டி இதைச் சொன்னார். பிலகானா என்றால் வெள்ளைக்காரர். பட்டை என்றால் சாதாரணப் பட்டை இல்லை. தட்டு தட்டாக வெள்ளி பதித்து, நடுவே பச்சைநீலக் கற்கள் வைத்து, அவருடைய தாய்மாமன் கல்யாணத்தன்று இடுப்பில் கட்டிவிட்டது. என் நாயும் அப்போது அங்கேதான் இருந்தது. எலும்பு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்ததால் பந்தயத்தை அது சரியாகக் கவனித்ததா என்று சொல்ல முடியாது. நான் கவனித்தேன்.

வாசகரே, இவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். சொல்லுக்குச்சொல்காரர் என்பது அந்த இனத்தின் பெயர். அமெரிக்காவில், பிறத்தியார் நவஹோ என்று அழைக்கும் எங்கள் தினே நாட்டில் தண்ணீர்க் குழாய் இல்லாத ஊர் உண்டு, தார்ச்சாலை இல்லாத ஊர் உண்டு. சொல்லுக்குச்சொல்காரர் இல்லாத ஊர் கிடையாது.

இவரை அடையாளம் காண்பது எளிது. பேச்சுவாக்கில் நீங்கள் ஏதாவது ஒரு சாமானின் பெயரைச் சொல்லியிருப்பீர்கள். பேட்டரி என்றோ, மைக்ரோவேவ் என்றோ, பாவம், தெரியாமல் சொல்லியிருப்பீர்கள். உடனே பக்கத்தில் ஒரு தொப்பி கழற்றப்படும். அது முழங்கால் மேல் கவிழ்த்து வைக்கப்படும். கண்கள் மூடும். விரலால் சுட்டுவது மரியாதை இல்லையாதலால் உதடுகள் குவிந்து அந்தச் சாமான் இருக்கும் திசையைக் காட்டும். பிறகு ஒரு வாக்கியம் வரும்: "அதுக்கு நம்மகிட்டயே சொல்லு இருக்கு." அந்த வாக்கியம் வெறும் இஞ்சின்தான். காலப் நகரத்து ரயில்வே கேட்டில் வண்டியை அணைத்துவிட்டு, சரக்கு ரயில் எப்போது முடியும் என்று வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, இஞ்சினுக்குப் பின்னால் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மைக்ரோவேவுக்கு அவர் சொல்: "விளிம்பைக் கொதிக்க வைத்து நடுவைப் பனிக்கட்டியாகவே விட்டுவிட்டு, முடிந்தது என்று மணியடிக்கும் பொய்க்காரப் பெட்டி." விவரம் சரிதான். நான் மறுக்கவில்லை. ஆனால் பசியோடு வந்தவன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெட்டி இரண்டு முறை மணியடித்துவிடும்.

நியாயமாகப் பேசுவோம். ஒரு பொருளை அது செய்யும் வேலையை வைத்து அழைப்பது எங்கள் மொழிக்கே உரிய அழகு. கம்ப்யூட்டர் எங்களுக்குச் சிந்திக்கும் இரும்பு. டெலிபோன், பேச உதவும் இரும்பு. யாரோ ஒருவர் எப்போதோ சொல்லியிருப்பார், கேட்டவர் சிரித்திருப்பார், சிரித்தவர் வீட்டுக்குப் போய்த் திரும்பச் சொல்லியிருப்பார், சொல் பிழைத்துக்கொண்டது. அவை சுகப்பிரசவம். வில்பர்ட்டின் சொற்கள் ஆயுதம் போட்டு எடுத்தவை.

ஒருநாள் அவருடைய மைத்துனர் ஹாஸ்கி, சேற்றில் இறங்கிய லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "மச்சான், அந்த ஜாக்கியை இப்படித் தள்ளுங்க" என்றார். சாதாரண மனிதன் என்ன செய்வான்? தள்ளுவான். வில்பர்ட் தொப்பியைக் கழற்றினார். "தன் முதுகை வளைக்காமல் வண்டியின் முதுகை உயர்த்தும் குட்டையன்" என்று அவர் சொல்லி முடித்துக் கண் திறந்தபோது, ஹாஸ்கி மறுபக்கமாக ஊர்ந்து வந்து, குட்டையனைத் தானே எடுத்துப்போய் சக்கரத்தையும் மாற்றியிருந்தார். வில்பர்ட்டுக்கு அதில் வருத்தமில்லை. வண்டி கிளம்பியதைவிடச் சொல் கிளம்பியதுதான் அவருக்குப் பெரிது.

அவர் என் அத்தை மகன். அத்தை மகனைக் கேலி செய்வது எங்களிடம் உரிமை மட்டுமல்ல, கடமை. செய்யாவிட்டால் இருவருக்கும் என்ன சண்டை என்று ஊர் கேட்கும். கடமை தவறாதவனாகிய நான் ஒருமுறை அவரை மடக்கப் பார்த்தேன். காப்பிக்கும் காசுக்கும் வெண்ணெய்க்கும் ஆப்பிளுக்கும் நாம் சொல்லும் பெயர்கள் பிறத்தியாரிடம் வாங்கியவைதானே, முக்கால்வாசி தெற்கேயிருந்து வந்த ஸ்பானியர்கள் விட்டுப்போனவைதானே, தினமும் காலையில் எழுந்ததும் கடன் வாங்கிய சொல்லைத்தானே ஊற்றிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"வெளியூர்லேருந்து வந்த மனுசனுக்கே நாம குலம் கொடுத்து சேத்துக்கலையா? அதுமாதிரிதான். அந்தச் சொல்லெல்லாம் குதிரையில வந்துச்சு மச்சான். இறங்கிச்சு, சாப்பிட்டுச்சு, இங்கேயே தங்கிச்சு, குலம் கொடுத்தோம். லாரியில வர்ற சொல்லுக்குக் குலம் கிடையாது. சரக்கை இறக்கிட்டுத் திரும்பிப் போயிடணும்."

இப்படி ஒரு சட்டம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அநேகமாக அவருக்கும்தான்.

சொல்லில் சுத்தம் பார்ப்பவர் பழக்கத்தில் பார்க்காமல் இருப்பாரா? எங்களில் மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, மாமியார் மருமகனைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண்ணுக்கு ஆகாது என்பது பழைய விதி. இன்றைக்கு நாங்களெல்லாம் மாமியாரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே சட்டியிலிருந்து கறிக்குழம்பு அள்ளி, ஒரே தொலைக்காட்சியில் கூடைப்பந்தும் பார்க்கிறோம். கண்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. வில்பர்ட் மட்டும் விதியை விடவில்லை. கல்யாணமானவன் மனைவியின் அம்மா இருக்கும் இடத்துக்குப் போய் வாழ்வது வழக்கமாதலால், பார்க்கக் கூடாதவருக்கு இருநூறு அடி தள்ளி வீடு கட்டி வாழ்கிறார். மாமியார் பெஸ்ஸி மெனிகோட்ஸ் அந்தக் காலத்து மாமியார்களைப் போலவே தன் சால்வை ஓரத்தில் சின்னச் சின்ன மணிகளைத் தைத்துக்கொண்டிருக்கிறார். மணிச்சத்தம் கேட்டால் வில்பர்ட் கதவுக்குப் பின்னாலோ, குதிரைக்குப் பின்னாலோ, வேறொன்றும் அகப்படாவிட்டால் தொப்பிக்குப் பின்னாலோ மறைய வேண்டும். மருமகன் புதுச்சொல் விளக்க வாயைத் திறக்கும்போதெல்லாம் மாமியாருக்கு எங்காவது அவசரமாக நடந்து போக வேண்டியிருந்ததை ஊரார் கவனித்திருக்கிறார்கள். மணி குலுங்கும். பேச்சு நிற்கும். இந்த வழக்கத்தை ஏற்படுத்திய முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பெஸ்ஸி அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். வீட்டில் மின்சாரம் இல்லை. ஆகவே மருந்து ஓர் ஐஸ்பெட்டியில் இருந்தது; அந்தப் பெட்டிக்கு ஐஸ் வாங்க, வில்பர்ட்டின் மனைவி லொரீட்டா ஒன்றுவிட்டு ஒருநாள் மலைச்சரிவு இறங்கி, மணல் ஆற்றைக் கடந்து, நெடுஞ்சாலைக் கடைக்கு லாரி ஓட்டினாள். ஐஸ் வாங்கித் திரும்புவதற்குள் பாதி தண்ணீர். கோடையில் முக்கால் தண்ணீர். ஒருமுறை மழையில் ஆறு ஓடி வழி அடைத்துக்கொண்டபோது மருந்து கெட்டுப்போய், பெஸ்ஸி அம்மாவை மயக்கத்தோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் மின்சாரக் கம்பெனிக்காரர் க்ளென் எங்கள் ஊர் மன்றத்துக்கு வந்தார். கம்பங்கள் பெஸ்ஸி அம்மா வீட்டுக்கு முன்னால் உள்ள மேட்டுக்கு இந்தப் பக்கம் வரை வந்துவிட்டன. மேட்டைத் தாண்டிக் கொண்டுபோக, அங்கே ஆடு மேய்க்கும் உரிமையுள்ள பெஸ்ஸி அம்மா சம்மதிக்க வேண்டும். அவ்வளவுதான். க்ளென் அதை ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மன்றத் தலைவி டெல்மா அட்டாகாய் மொழிபெயர்க்க எழுந்தார். எழுந்தவரை உட்கார வைத்துவிட்டு வில்பர்ட் எழுந்தார். தொப்பி கழன்றது.

பெஸ்ஸி அம்மா பக்கத்துச் சமையலறையில் கூட்டத்துக்கான குழம்புக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். பரிமாறும் சன்னலின் பலகையைச் சாத்தி வைத்திருந்ததால் விதிக்குப் பழுதில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் முன்னோர் சொன்னார்கள். கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. அது அவர்கள் செய்த ஒரே பிழை.

வில்பர்ட் கண்ணை மூடிச் சொன்னார்: "வானத்தில் சினந்து அலையும் மின்னலைப் பிடித்து, இரும்புக் கொடியில் கட்டி, நடக்காத மரக்கால்களின் தோள்மேல் ஏற்றி, ஆடு மேயும் மேட்டின் வழியே இழுத்துவந்து, வீட்டுக்குள் விட இவர் விரும்புகிறார்."

மன்றத்தில் ஒருவரும் அசையவில்லை. மின்னல் விழுந்த மரத்தின் சுள்ளியைக்கூட நாங்கள் அடுப்புக்கு எடுக்க மாட்டோம். விழுந்த இடத்தில் ஆட்டை மேய விட மாட்டோம். உள்ளே கத்தியின் சத்தம் நின்றது.

"அதை ஆட்டுக்கு மேலே இழுத்துட்டுப் போயி என் வீட்டுக்குள்ளே விடப் போறானா? வேண்டாம்னு சொல்லுங்க" என்றது சமையலறை.

க்ளென்னுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நீளமாகக் கேட்ட கேள்விக்கு இத்தனை சின்னப் பதிலா என்பதுபோல் பார்த்தார்.

பிறகு டெல்மா மேட்டுக்குப் போய்ப் பார்த்தார், ஹாஸ்கி போய்ப் பார்த்தார், நானும் ஒரு தர்ப்பூசணியோடு போய்ப் பார்த்தேன். அம்மா, அது மின்னல் இல்லை, லைட்டு, மன்றத்துச் சமையலறையில் உங்கள் தலைக்கு மேலேயே எரிகிறதே என்று சொன்னேன். மன்றத்தைக் கட்டினபோது சடங்கு செய்து வைத்திருக்கிறார்கள், என் மேட்டுக்கு யார் செய்தார்கள் என்று கேட்டார். தர்ப்பூசணியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, மிக மரியாதையாகச் சொன்னார்: "என் மருமகன் மின்னல்னு சொல்லியிருக்காரு. அவரு சொல்லுல தப்பே வராதுன்னு அவரே சொல்லியிருக்காரு. நீங்க அவரைவிடப் படிச்சவரா தம்பி?"

அந்த முகத்தில் என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சால்வையின் மணிகள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. அன்று காற்று இல்லை.

ஆகவே மின்னலை அவிழ்க்க ஒரே ஓர் ஆளால்தான் முடியும். அந்த ஆளோ, தான் சொன்ன சொல் தினே மொழியின் சிகரங்களில் ஒன்று என்று நம்பிக்கொண்டிருந்தார். குளிர்காலம் முழுவதும் லொரீட்டா ஐஸ் சுமந்தாள். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்க, ஐஸ் எதற்கு என்று கேட்காதீர்கள். வெளியே வைத்தால் மருந்து உறைந்து கெட்டுவிடும்; அள்ளிப் பெட்டியில் போட்ட பனியோ அடுப்புச் சூட்டில் அரைநாள் தாங்காது. வீட்டில் அவள் கணவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவர் அதையும் ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டு, "ஜோடிச் செருப்பில் ஒன்று மட்டும் நடப்பது" என்று அதற்கு ஒரு சொல் செய்தார்.

வசந்தத்தில் க்ளென் கடைசித் தடவையாக வந்தார். வேலையாட்கள் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள். இன்று சரி என்றால் மேட்டைத் தாண்டுவோம், இல்லையென்றால் கம்பம் இங்கேயே நிற்கும், திரும்பி எப்போது வருவோம் என்று எனக்கே தெரியாது என்றார். மன்றத்தில் நல்ல கூட்டம். சமையலறையில் கறிக்குழம்பு தயாராக இருந்தது. வாசனை பலகை இடுக்கு வழியாக வந்து எல்லார் மனத்தையும் சுருக்கமாகப் பேசும்படி இளக்கியிருந்தது. ஒருவர் மனத்தைத் தவிர.

அந்த அம்மா ஒரு ஃபிரிட்ஜ் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள், மருந்துக்கு உதவும் என்றார் க்ளென்.

டெல்மா வாயைத் திறந்தார். தொப்பி கழன்றது. டெல்மா வாயை மூடிக்கொண்டார்.

"குளிர்காலத்தைப் பிடித்து வயிற்றுக்குள் அடைத்துக்கொண்டு, கோடையிலும் நடுங்கி முனகியபடி மூலையில் நிற்கும் வெள்ளை இரும்பு..."

"முன்னே மின்னலைப் பிடிச்சாரு. இப்ப குளிர்காலத்தைப் பிடிச்சு அடைச்சிட்டாரு" என்றது பலகைக்குப் பின்னாலிருந்த குரல். "அது உள்ளேயே கிடந்தா மலையில பனி எப்படி விழும், புல்லு எப்படி முளைக்கும்? மிச்சம் என்ன இருக்கு, காத்தா? அதையும் பிடிச்சிட்டு வரச் சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

மணிகள் நகர்ந்தன. சன்னலிலிருந்து அடுப்புக்கு. அடுப்பிலிருந்து பின்கதவுக்கு.

லொரீட்டா எழுந்து வெளியே போனாள். திரும்பியபோது கையில் அந்த ஐஸ்பெட்டி இருந்தது. கணவனின் முன்னால் அதை வைத்து, மூடியைத் திறந்தாள். மருந்துப் புட்டிகள் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருந்தன. ஐஸ் என்று சொல்ல ஒரு விரல் அளவுத் துண்டுகூட இல்லை.  உதட்டை மட்டும் குவித்துப் பெட்டியைக் காட்டினாள். இதுக்கு என்ன சொல்லு வச்சிருக்கே என்று கேட்டதாகத்தான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

வில்பர்ட் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பின்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவர் எழுந்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, பரிமாறும் சன்னலுக்குப் போய், பலகைக்கு முதுகைக் காட்டி நின்றார். தொப்பியோடு அவர் மொழிபெயர்த்ததை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"ஃபிரிட்ஜ்" என்றார்.

மணிகள் நின்றன.

"ஃபிரிட்ஜ்தான். உங்க மருந்து வைக்க. கம்பியில வர்றது லைட்டு, கடையில இருக்கிற மாதிரி சாதா லைட்டு. மின்னல்னு நான் சொன்னது..." இங்கே அவர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "அது கொஞ்சம் அதிகம்."

உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்த பெருமூச்சுபோல் இருந்தது.

"ஃபிரிட்ஜா? அதை அப்பவே சொல்றதுக்கு என்னவாம். எங்கே கையெழுத்துப் போடணும்னு கேளுங்க. குழம்பு ஆறுது."

மன்றம் சிரித்ததா? இல்லை. நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள். குழம்பு வரும்வரை பொறுத்து, கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தோம்.

அடுத்த சனிக்கிழமை என் நாயை நன்றாகக் குளிப்பாட்டிச் சந்தைக்கு அழைத்துப் போனேன். கடமை. வில்பர்ட் அதன் முகத்தைப் பார்க்க மறுத்தார். அன்று தான் பேசியது மாமியாரிடம், மாமியாரிடம் பேசியது பேச்சுக் கணக்கில் வராது என்றார். அடுத்த வாரம், ஃபிரிட்ஜ் என்பது ஆராய்ந்து பார்த்தால் பழைய தினேச் சொல்தான், நடுவில் பிலகானாக்கள் வாங்கிப்போய் இப்போது திருப்பித் தருகிறார்கள் என்றார். அதற்கடுத்த வாரம், அந்தச் சொல்லுக்குத் தன் மாமியார் குலத்திலேயே இடம் கொடுத்துவிட்டதாகவும், ஆகவே அது தனக்கு மச்சினி முறை என்றும், என்னைப் போன்றவர்கள் அதைப்பற்றி வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது என்றும் சொன்னார். நான் விட்டுவிட்டேன். நாய்க்கும் குளியல் பிடிக்கவில்லை.

கோடையில் கம்பங்கள் மேட்டைத் தாண்டின. அதற்கு முன், எங்கள் சடங்குகளைப் பாடி நடத்தும் பாட்டுக்காரர் ஒருவரை அழைத்து வந்து, மேட்டுக்கும் வீட்டுக்கும் மகரந்தம் தூவிச் சடங்கும் செய்தார்கள். நெடுஞ்சாலைக் கடையிலிருந்து அந்த வெள்ளைப் பெட்டியை என் லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். பெஸ்ஸி அம்மா மணி குலுங்க ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, நானும் ஹாஸ்கியும் வில்பர்ட்டும் அதை இறக்கி, உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினோம். லொரீட்டா கம்பியைச் செருகினாள். பெட்டி மெல்ல முனகத் தொடங்கியது. முனகும் என்று சொன்னவர் அதன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல்லிலாவது உண்மை இருந்ததில் அவருக்குத் திருப்தி தெரிந்தது. லொரீட்டா மருந்துகளை உள்ளே அடுக்கிவிட்டு, ஐஸ்பெட்டியை வெளியே கொண்டுபோய் நாய்களுக்குத் தண்ணீர்த்தொட்டியாக வைத்தாள்.

"மச்சான்" என்றேன். "இது குதிரையிலயா வந்துச்சு?"

அவர் சன்னல் வழியே என் லாரியைப் பார்த்தார்.  பிறகு, சும்மா செய்வதுபோல் இடுப்பில் கை வைத்துப் பட்டையைத் தளர்த்தினார். வெளியே ஐஸ்பெட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் ஒற்றைக்காது நாயை நோக்கி உதட்டைக் குவித்தார்.

இவ்வளவையும் படித்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊரிலும் உங்கள் மொழியிலும் இந்த இனம் கிடையாது என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளை ஏதோ ஒரு சாமானைக் கேட்டபோது, அதை எடுத்துக் கொடுக்காமல் முதலில் அதன் சரியான பெயரை எடுத்துக் கொடுத்தவர் நீங்கள் இல்லை. கொடுத்துவிட்டு, திரும்பி, போனில் யாரிடமோ ஓகே சொன்னவரும் நீங்கள் இல்லை. ஒருவேளை நீங்கள்தான் என்றால், பட்டையோடு எங்கள் சந்தைப்பக்கம் வந்துவிடாதீர்கள். என் நாய் நீளமானது. அதன் உடம்பில் இன்னும் இடம் இருக்கிறது.